சமரசமும் ஸ்பிரிங்கும்

நம் வட்டத்தில் மிகச் சுலபமாகக் கிடைக்கும் பாராட்டு 'சமரசமற்றவர்' என்பது. மிகச் சுலபமாக வீசப்படும் வசையும் அதே நாணயத்தின் மறுபக்கம்தான்: 'சமரசம் செய்துகொண்டுவிட்டார்'. இந்த இரண்டு பெட்டிகளுக்குள் எழுத்தாளர்களையும் பத்திரிகைகளையும், சில சமயம் நண்பர்களின் குடும்ப வாழ்க்கையையும்கூட, போட்டு மூடிவிடுகிறோம். வெளியே, பஸ்ஸிலும் ஆபீஸிலும் வீட்டிலும், ஏறக்குறைய இதே விஷயத்துக்கு வேறொரு சொல் புழங்குகிறது: 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.' மூன்று பேர் உட்காரும் ஸீட்டில் நாலாவது ஆளாக இடம் தேடி வருகிறவர் சொல்வது இது. கட்டிக்கொடுத்த பெண்ணிடம் பெற்றவர்கள் சொல்லி அனுப்புவதும் இதுதான். சமரசத்தை இவ்வளவு இழிவாக நினைக்கிற நாம் இந்த அட்ஜஸ்ட்மென்டைப் பற்றி யோசிப்பதில்லை. யோசனைக்குத் தகுந்த விஷயமாக அது நமக்குப் படவில்லை.

இந்தச் சொல்லை அது கொச்சையாக ஆகாமல் இன்னும் சரியான அர்த்தத்தோடு வழங்கும் ஓர் இடத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். மோட்டார்சைக்கிளின் ஷாக் அப்சார்பரை அட்ஜஸ்ட் செய்வது என்ற காரியத்தை. இலக்கியப் பத்திரிகைக்கு இது ஒவ்வாத விஷயம் என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் அதில் அறம் பற்றிய கேள்வி ஒன்று இருக்கிறது. உவமையாக அல்ல, நேரடியாகவே இருக்கிறது. வண்டியின் மேல் மனிதர்கள் உட்காருகிறார்கள் என்பதே அதற்குப் போதுமான காரணம்.

நான் இருப்பது விருத்தாசலத்தில். வேலை பார்க்கும் வங்கிக் கிளை பக்கத்தில் ஒரு கிராமத்தில். தினம் போகவர நாற்பது கிலோமீட்டர், பெரும்பாலும் தனியாக. முந்திரிக்காடுகளுக்கு நடுவில் போகும் செம்மண் கலந்த சாலை. கரும்பு வெட்டும் மாதங்களில் டிராக்டர் டிரெய்லர்கள் அதைக் கிண்டிவைத்துவிட்டுப் போகும். இந்த மாதிரிச் சாலையில் ஓட்டுகிறவன் எவனுக்கும் ஷாக் அப்சார்பர் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டு. ஜங்ஷன் ரோட்டுப் பக்கம் எந்தப் பட்டறையில் வண்டியை நிறுத்தினாலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: 'டைட்டா வைக்கவா, லூஸா வைக்கவா?' வாலிபர்கள் டைட் என்பார்கள். வயதானவர்கள் லூஸ் என்பார்கள். டைட் என்றால் வண்டி வளைவில் ஆடாது, ஆனால் தூக்கிப்போடும். லூஸ் என்றால் மெத்தை மாதிரி இருக்கும், ஆனால் பிடி இருக்காது. ஆக, கட்டுப்பாடு வேண்டுமானால் சுகத்தை விடு. சுகம் வேண்டுமானால் கட்டுப்பாட்டை விடு. இந்த எதிர்நிலை நமக்கு மிகவும் பரிச்சயமானது. கலையா ஜனரஞ்சகமா என்று நாம் ஐம்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியின் வாகன ரூபம் இது. இரண்டு இடத்திலும் கேள்வியே தப்பாகப் போடப்பட்டிருக்கிறது என்பது என் எண்ணம். இலக்கியத்தை அப்புறம் பார்க்கலாம். வண்டி விஷயத்தில் அதை நிரூபிக்க முடியும்.

சஸ்பென்ஷன் இருப்பது குலுக்கலைக் குறைக்க என்று நினைக்கிறோம். அது பாதிதான். அதன் முதல் வேலை சக்கரத்தைத் தரையோடு வைத்திருப்பது. பிரேக் பிடிப்பது, திரும்புவது, வேகமெடுப்பது எல்லாமே டயர் தரையைத் தொடும் உள்ளங்கை அளவு இடத்தின் மூலமாக மட்டுமே நடக்கின்றன. சக்கரம் அந்தரத்தில் இருக்கும் கணத்தில் ஓட்டுகிறவனுக்கும் பின்னால் இருப்பவருக்கும் வித்தியாசம் கிடையாது. இருவரும் வெறும் பிரயாணிகள். மேட்டில் சக்கரம் ஏறும்போது வண்டியின் உடம்பையும் தூக்காமல் தான் மட்டும் ஏறவேண்டும். பள்ளம் வரும்போது உடம்பு விழக் காத்திராமல் தான் மட்டும் இறங்கவேண்டும். இது சரியாக நடந்தால் பிடியும் இருக்கும், உடம்பும் அதிராது. இரண்டும் ஒரே காரியத்தின் இரண்டு விளைவுகள்.

இதைப் புரிந்துகொள்ள மோட்டார்சைக்கிள் உலகத்துக்கும் நாள் பிடித்தது. பழைய வண்டிகளில் முன்பக்கம் ஸ்பிரிங் இருக்கும். பின்சக்கரம் சட்டத்தோடு இறுக்கமாகப் பிணைக்கப்பட்டிருக்கும். கரடுமுரடான பாதையில் நடக்கும் பந்தயங்களுக்கு அந்த இறுக்கம்தான் உகந்தது, ஸ்பிரிங் சொகுசு தேடுகிறவர்களுக்கு என்பது அன்றைய இங்கிலாந்தில் அனுபவஸ்தர்களின் நம்பிக்கை. 1948இல் ராயல் என்ஃபீல்டு கம்பெனி தன் புதிய 350 சிசி புல்லட்டின் முன்மாதிரிகளை, பின்சக்கரம் ஊஞ்சல்போல் ஏறியிறங்கும் ஸ்விங் ஆர்மோடும் எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்சார்பர்களோடும், கோல்மோர் என்ற பந்தயத்தில்தான் முதலில் இறக்கியது. சொகுசுச் சாமான் என்று கருதப்பட்ட ஒன்றைக் கல்லும் சேறும் நிறைந்த பாதையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சறுக்கும் பாறையில் பின்சக்கரம் தரையை விடாமல் பற்றியது. 1952இல் ஜானி பிரிட்டன் ஸ்காட்லாந்தின் ஆறுநாள் பந்தயத்தை ஒரு புல்லட்டில் வென்றார். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா அமைந்தது; திருவொற்றியூரில் அந்த வண்டி உருவாகத் தொடங்கி, அதன் தாய்நாட்டில் நின்றுபோன பிறகும் இங்கே தொடர்ந்தது. நம் ஊர்களில் கம்பீரத்துக்கும் விறைப்புக்கும் அடையாளமாக நிற்கிற ஒரு வண்டி, வளைந்துகொடுக்கும் பின்சக்கரத்தால்தான் முதலில் பெயர் வாங்கியது என்பதை நினைக்க எனக்குத் திருப்தியாக இருக்கிறது.

இப்போது அந்த டைட், லூஸ் விஷயம். நம் சாதாரண வண்டிகளின் பின் ஷாக் அப்சார்பரில், ஸ்பிரிங்கின் அடியில், படிப்படியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும். பெரும்பாலும் ஐந்து படிகள். பிறைபோல் வளைந்த ஒரு ஸ்பேனரை மாட்டித் திருகினால் வளையம் ஒரு படி ஏறி ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைக்கும். இதனால் ஸ்பிரிங் கடினமாகிவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆகவில்லை. பத்துக் கிலோ ஏற்றினால் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குமோ அத்தனைதான் இப்போதும் அமுங்கும். கம்பியின் கனமும் சுருளின் விட்டமும் சுற்றுகளின் எண்ணிக்கையும் மாறாமல் அதன் குணம் மாறாது. மாறுவது வண்டி நிற்கும் உயரம் மட்டுமே. அதாவது, அது தன் அசைவை எந்த இடத்திலிருந்து ஆரம்பிக்கிறது என்பது.

அந்த ஆரம்ப இடம்தான் எல்லாம். வண்டியில் ஆள் உட்கார்ந்ததும் அது கொஞ்சம் அமிழவேண்டும். எவ்வளவு? மொத்த அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அல்லது அதைவிடச் சற்றுக் குறைவு என்பது பொதுவான கணக்கு. சோதிப்பதற்கு ஒரு டேப் போதும். நடு ஸ்டாண்டில் பின்சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து நேர்மேலே ஒரு புள்ளிவரை அளந்துகொள்ளவேண்டும். பிறகு ஸ்டாண்டை எடுத்து, உட்காரவேண்டியவர்கள் எல்லோரும் உட்கார்ந்தபின் அதே தூரத்தை மறுபடி அளக்கவேண்டும். வித்தியாசம் எண்பது மில்லிமீட்டர் அசைவில் இருபத்தைந்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. குறைவாக இருந்தால் வளையத்தைக் கீழிறக்கவேண்டும். அதிகமாக இருந்தால் ஏற்றவேண்டும். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கவேண்டும். இதற்கெல்லாம் முன்னால் டயரில் காற்றைச் சரிபார்த்துவிடவேண்டும். டயரும் ஒரு ஸ்பிரிங்தான்.

ஏன் அமிழவேண்டும்? சாலையில் மேடு மட்டுமா இருக்கிறது? பள்ளமும் இருக்கிறது. உச்சிவரை விறைத்து நிற்கும் ஸ்பிரிங்குக்கு மேலே போக இடமுண்டு, கீழே போக இடமில்லை. பள்ளம் வந்தால் சக்கரம் அதற்குள் இறங்காது, மேலே தொங்கிக்கொண்டே தாண்டும், பிறகு 'தொம்' என்று விழும். வாலிபர்கள் வைத்துக்கொள்ளும் டைட் செட்டிங்கின் கதை இது. அவர்கள் பிடிக்காக இறுக்கினார்கள், இழந்தது பிடியைத்தான். மறுபக்கம், அளவுக்குமேல் லூஸாக இருந்தால் முதல் பெரிய மேட்டிலேயே அசைவு தீர்ந்துபோய், உள்ளே இருக்கும் ரப்பர் கட்டையில் இடித்து, அடி நேராக முதுகெலும்புக்குப் போகும். அவர்கள் சுகத்துக்காகத் தளர்த்தினார்கள், இழந்தது சுகத்தைத்தான்.

ஸ்பிரிங்கைப் பற்றி மட்டும் பேசினால் விஷயம் முழுசாகாது. ஸ்பிரிங் வாங்கிய அடியைச் சேமித்துவைத்து அப்படியே திருப்பித்தரும். அதைத் தனியே விட்டால் ஒரு மேட்டுக்குப் பத்துத் தடவை குதிக்கும். அதனால்தான் கூடவே எண்ணெய்க் குழாய் ஒன்று இருக்கிறது. அசைவு எண்ணெயைச் சிறு துளைகள் வழியே பிதுக்குகிறது. அடியின் சக்தி சூடாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. எண்ணெய் கசிந்துபோன ஷாக் அப்சார்பரோடு ஓடும் வண்டியைப் பின்னாலிருந்து பார்த்தால் தெரியும். சாலை எப்போதோ சமமாகிவிட்டிருக்கும். வண்டி மட்டும் பழைய பள்ளத்தை நினைத்து ஆடிக்கொண்டிருக்கும். நம் விமர்சனத்தில் சிலதைப் படிக்கும்போது எனக்கு இந்த வண்டிதான் ஞாபகம் வருகிறது. எண்ணெய் ரொம்பவும் கெட்டியாக இருந்தாலும் ஆபத்து உண்டு. ஒரு அடிக்குப் பிறகு ஸ்பிரிங் விரிவதற்குள் அடுத்த அடி வந்துவிடும். அப்படியே படிப்படியாக அமுங்கிக் கீழேயே தங்கிவிடும். வாங்கியதை உடனே திருப்பி அடிப்பதும் கூடாது, ஒருபோதும் நிமிராமல் போவதும் கூடாது.

இனி சுகம் என்ற சொல். நம்மிடம் இந்தச் சொல்லுக்கு மரியாதை கிடையாது. சுகம் தேடுகிறவன் அற்பன் என்று ஒரு பிரமை, பாதி பழைய துறவுப் புத்தியாலும் பாதி புதிய புரட்சிப் புத்தியாலும் ஆனது. 1974இல் சர்வதேசத் தரநிர்ணய அமைப்பு, அதிர்வு மனித உடம்பை எப்படிப் பாதிக்கிறது என்பதற்கு ஐஎஸ்ஓ 2631 என்ற நியமத்தை வெளியிட்டது. செங்குத்தான அதிர்வில் மனித உடம்பு மிக அதிகமாக வருந்துவது வினாடிக்கு நான்கிலிருந்து எட்டுத் தடவை அதிரும்போது என்றது. வயிறும் நெஞ்சும் அந்த வேகத்தில் தாமும் சேர்ந்து ஆடத் தொடங்கிவிடுகின்றன. அதில் மூன்று எல்லைகள் வகுத்திருந்தார்கள். ஒன்று சுகம் குறையும் எல்லை. அடுத்தது களைப்பால் வேலைத்திறன் குறையும் எல்லை. கடைசியாக உடம்புக்குத் தீங்கு வரும் எல்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது, இந்த மூன்று கோடுகளும் ஒரே வடிவம் கொண்டவை. உயரம் மட்டுமே வேறு. 1997இல் நியமத்தைத் திருத்தியபோது இந்த எல்லைகளை விட்டுவிட்டார்கள். ஆனாலும் அந்தப் படம் சொன்னதை நான் மறக்கவில்லை. சுகம் என்பது திறனுக்கும் ஆரோக்கியத்துக்கும் எதிரியல்ல. அவை பறிபோவதற்கு முன் முதலில் பறிபோவது அது. அசௌகரியம் என்று ஒருவர் சொல்லும்போது உடம்பு தன் முதல் புகாரைக் கொடுக்கிறது. அதை அற்பம் என்று தள்ளுகிறவர் மூன்றாவது கோட்டில் போய் நிற்கும்வரை காத்திருக்கச் சொல்கிறார்.

இதுவரை பேசியது யந்திரம். என் கேள்வி இனிமேல்தான். உட்காரவேண்டியவர்கள் எல்லோரும் உட்கார்ந்தபின் அளக்கவேண்டும் என்று சொன்னேன். யார் யார் அவர்கள்?

வண்டியை உருவாக்குகிறவர்களின் மனதில் ஒரு சராசரி ஆள் இருக்கிறான். ஓட்டுகிறவருக்கு 75 கிலோ என்று வைத்துக்கொள்வது வாகன நியமங்களில் பரவலான வழக்கம். கம்பெனி செட்டிங் என்பது நடுநிலையல்ல. அது யாரோ ஒருவரின் உடம்பு. அந்த உடம்புக்கு மிஞ்சினவர்களும் குறைந்தவர்களும் தங்களை அட்ஜஸ்ட் செய்துகொள்கிறார்கள். அவர்களில் முதலாவது, பின்னால் உட்காருகிறவர்.

ஓட்டுகிறவன் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் உட்காருகிறான். பள்ளம் வருவது அவனுக்குத் தெரிகிறது. கைப்பிடியைப் பற்றிக்கொள்கிறான், காலை ஊன்றி உடம்பைச் சற்றுத் தூக்கிக்கொள்கிறான். பின்னால் இருப்பவர் ஏறக்குறைய பின் அச்சின் மேலேயே இருக்கிறார். அடி நேராக அங்கேதான் வருகிறது. எதிரே தெரிவது ஒரு முதுகு. நம் ஊரில் அவர் பெரும்பாலும் புடவை கட்டி, இடதுபக்கம் திரும்பி, ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்; மடியில் ஒரு குழந்தை, அல்லது பை. இடுப்பு ஒரு திசையிலும் வண்டி இன்னொரு திசையிலும் போகின்றன. காலுக்கு ஒரு சிறு பலகை. 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும் கால்வைக்கும் இடமும், அவர் துணி சிக்காதபடி பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பும் இருக்கவேண்டும் என்கிறது. சட்டம் புடவையை நினைத்துப்பார்த்திருக்கிறது. அதற்குள் இருக்கும் முதுகெலும்பை நினைக்கவேண்டியது வண்டிக்குச் சொந்தக்காரனின் பொறுப்பாக விடப்பட்டிருக்கிறது.

மோட்டார்சைக்கிளைத் தத்துவ விசாரமாக்கிய புத்தகம் என்று நம் நண்பர்கள் உடனே சொல்லக்கூடியது 1974இல் வந்த ராபர்ட் பிர்ஸிக்கின் 'ஜென்னும் மோட்டார்சைக்கிள் பராமரிப்புக் கலையும்'. யந்திரத்தின் மேல் கவனம் செலுத்துவதே ஒருவகை ஒழுக்கம் என்பதை அது போல வேறு எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிரயாணம் முழுக்கப் பின்னால் ஒரு சிறுவன் உட்கார்ந்திருக்கிறான்; கதைசொல்லியின் மகன். நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு அப்பா மதிப்பு என்றால் என்ன என்று யோசித்துக்கொண்டே ஓட்டுகிறார். பையனுக்குத் தெரிவது அப்பாவின் முதுகு. கடைசியில்தான் அவன் கால்பலகைகளில் ஏறி நின்று தோளுக்கு மேலாக எதிரே பார்க்கிறான். இதைப் பிர்ஸிக் அறிந்தே எழுதியிருக்கிறார். அதனால்தான் அது புத்தகமாகவும் இருக்கிறது. அதைப் பேசுகிறவர்கள் வால்வு இடைவெளியைப் பற்றிய பக்கங்களைச் சொல்கிறார்கள், பையனைச் சொல்வதில்லை. யந்திரத்தின்மேல் கவனம் என்பது அது சுமக்கிறவர்மேல் கவனமாக ஆகாதவரை, அது வெறும் பொழுதுபோக்கு.

இதற்கு ஒரு நியாயமான பதில் இருக்கிறது. தினம் நாற்பது கிலோமீட்டர் தனியாகப் போகிறவன், ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு கோயிலுக்கு நாலு கிலோமீட்டர் போகிறான். யாருக்காக வண்டியைச் சரிசெய்வது? அதிக நேரம் அதில் இருப்பவருக்காகத்தானே? இருவருக்காக வைத்த செட்டிங்கில் ஒருவன் போனால் வண்டி விறைத்துக்கொண்டு தூக்கிப்போடும். ஒருவனுக்காக வைத்ததில் இருவர் போனால் அடி இடிக்கும். யாராவது ஒருவர் அட்ஜஸ்ட் செய்துகொண்டுதான் ஆகவேண்டும் என்பார்கள். கணக்குப்படி சரிதான். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது: அந்த வளையம் திரும்பும். அது திரும்புவதற்காகவே படிகளோடு வெட்டப்பட்டிருக்கிறது. ஸ்பேனர் பல வண்டிகளில் டூல் பாக்ஸிலேயே கிடக்கிறது. இரண்டு பக்கமும் திருக ஐந்து நிமிஷம் ஆகாது. யந்திரம் அனுமதிக்கிற ஒன்றை மனிதர்கள் செய்யாமலிருந்துவிட்டு, விட்டுக்கொடுத்தலை உலக நியதி என்று பேசுகிறோம். நம் பெரும்பாலான அட்ஜஸ்ட்மென்டுகள் இந்த ரகம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. திருகக்கூடிய இடத்தைத் திருகாமல், திருகமுடியாத உடம்பைத் திருகச் சொல்வது.

ஒருநாள் என் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து மேற்சொன்ன மாதிரி அளந்து இரண்டு படி ஏற்றினேன். சேலம் சாலையில் கொஞ்ச தூரம் போனதும், "ஏங்க, இப்ப குரல் நடுங்காம பேச முடியுது" என்றாள். சரியான அளவுகோல் என்று பட்டது. அந்த நாலிலிருந்து எட்டு அதிர்வுகள் நெஞ்சைப் பிடித்து ஆட்டும்போது முதலில் உடைவது குரல். பின்னால் இருப்பவர் பேசாமல் வருவதற்குப் பேச எதுவுமில்லை என்பது மட்டுமே காரணமாக இருக்கவேண்டியதில்லை.

சுகம் யாருக்கு உரியது என்ற கேள்விக்கு நம் பக்கத்தில் ஒரு பழைய வரலாறும் இருக்கிறது. பாரம் ஏற்றும் கட்டைவண்டிக்கு ஸ்பிரிங் கிடையாது. பண்ணையார் வீட்டு மனிதர்கள் போகும் வண்டிக்கு மட்டும் அச்சுக்கு மேல் பட்டைப் பட்டையாக எஃகு அடுக்கிய வில் இருக்கும். அதனால் அது வில்வண்டி. அதாவது, அதிராமல் போவது என்பதே ஒரு அந்தஸ்து. 1893இல் திருவிதாங்கூரில் வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யங்காளி, புலையர்கள் நடக்கக்கூடத் தடுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில், மணி கட்டிய காளைகளைப் பூட்டித் தலைப்பாகையோடு போனது ஒரு வில்வண்டியில்தான். வெறும் கட்டைவண்டியில் போயிருந்தாலும் தடை மீறப்பட்டிருக்கும். ஆனால் அவர் வில்வண்டியை வாங்கினார். சாலையில் போகும் உரிமையோடு உடம்பு நோகாமல் போகும் உரிமையையும் சேர்த்துக் கேட்டார் என்று அதை நான் படிக்கிறேன். விஷயம் முடிந்துவிடவில்லை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. நீ எப்படி புல்லட் ஓட்டலாம் என்று ஜாதியைச் சொல்லிக் கேட்டே வெட்டினார்கள் என்பது புகார். சுகத்தை அற்பம் என்று நினைக்கிற தத்துவாதிகள் இந்த இரண்டு வருஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசிக்கவேண்டும். யாருக்கு அது எப்போதும் கிடைத்துவந்ததோ அவருக்குத்தான் அது அற்பமாகத் தெரியும்.

இவ்வளவு சொன்னபின் ஒரு எதிர்வாதத்தையும் எடுத்துக்கொள்ளவேண்டும். எல்லாம் வளையத்தான் வேண்டுமா? என் ஊர் பீங்கான் ஊர். தொழிற்பேட்டையும், அந்தத் தொழிலைச் சொல்லித்தரும் அரசுக் கல்வி நிலையமும் இருக்கின்றன. சீனக் களிமண்ணும் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் கலந்து, ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல் சுட்டு எடுத்த பண்டம் வளையாது. வளையாததுதான் அதன் பெருமை. மின்கம்பியைத் தாங்கும் பீங்கான் நெகிழ்ந்துகொடுத்தால் அதற்கு அந்த இடத்தில் வேலையே இல்லை. அமுக்கினால் எவ்வளவோ தாங்கும். இழுத்தாலோ தட்டினாலோ எச்சரிக்கை எதுவும் இல்லாமல் உடையும். நாம் கொண்டாடும் சமரசமற்ற எழுத்தாளர் இந்த ஜாதியைச் சேர்ந்தவர் என்று வைத்துக்கொள்ளலாம். விருத்தாசலம் என்ற பெயரோடு பிறந்து புதுமைப்பித்தன் என்று எழுதியவரை அதற்கு உதாரணமாகச் சொல்பவர்கள் உண்டு. நான் மறுக்கவில்லை. ஆனால் பீங்கான் இந்த ஊரைவிட்டு வெளியே போகும்போது வைக்கோலில் பொதிந்து, ஸ்பிரிங் உள்ள வண்டியில்தான் போகிறது. வளையாத ஒன்று ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போய்ச் சேரவேண்டுமென்றால் வளைகிற யாரோ அதைச் சுமக்கவேண்டும். சமரசமற்றவர்களின் வாழ்க்கைச் சரித்திரங்களில் அந்த யாரோவின் பெயர் பெரும்பாலும் மனைவி. அவள் அட்ஜஸ்ட் செய்துகொண்டாள் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். பாராட்டுக்குரிய விறைப்பின் விலையை விறைப்பாக நின்றவர் கொடுத்ததில்லை.

ஆனால் இதிலிருந்து, எல்லாவற்றிலும் வளைந்துகொடுப்பதே அறம் என்ற முடிவுக்குப் போகமுடியாது. ஷாக் அப்சார்பரே அதை ஒப்புக்கொள்ளாது. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் சட்டத்தோடு இணையும் இடத்தில் ஒரு புஷ் இருக்கிறது. அது தேய்ந்து ஆர்ம் பக்கவாட்டில் ஒரு மயிரிழை ஆடினாலும், வளைவில் பின்சக்கரம் தனக்கென்று ஒரு வழி தேடிக்கொள்ளும். ஷாக் அப்சார்பரை எத்தனை படி ஏற்றி இறக்கினாலும் அது சரியாகாது. மேலும் கீழும் அந்த ஆர்ம் தாராளமாக அசையலாம், அசையத்தான் வேண்டும். இடமும் வலமும் அசையவே கூடாது. ஒரே உறுப்பில் இந்த இரண்டும் இருக்கின்றன. ஒரு திசையில் உறுதி இருப்பதால்தான் இன்னொரு திசையில் நெகிழ்ச்சி பயன்படுகிறது. வளைகிறானா வளையவில்லையா என்று கேட்டு ஆளை அளப்பது, டைட்டா லூஸா என்று கேட்பதைப் போலவே, பாதிக் கேள்வி. எந்தத் திசையில் வளைகிறான், அதனால் தரையோடு அவனுக்குள்ள தொடர்பு மிஞ்சுகிறதா அறுகிறதா, அவன் வளைவதாலோ விறைப்பதாலோ வரும் அடி யார் முதுகில் இறங்குகிறது — கேட்கவேண்டியவை இவை.

எழுதுவதற்கும் இது பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன், அதை நீட்டி முழக்க விரும்பவில்லை. வாசகனை மெத்தையில் வைத்துக் கொண்டுபோகும் எழுத்து சாலையை மறைக்கிறது, சரி. ஆனால் ஒவ்வொரு வரியிலும் வாசகனைத் தூக்கிப்போடுகிற எழுத்து சாலையைக் காட்டுகிறது என்பது உண்மையல்ல. அதுவும் பல நேரங்களில் பள்ளங்களுக்கு மேலே தொங்கிக்கொண்டுதான் போகிறது. பள்ளத்துக்குள் இறங்க அதற்கு இடம் வைக்கவில்லை. நல்ல எழுத்தில் சக்கரம் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறுகிறது. பின்னால் இருப்பவர் கீழே விழாமல் அதைத் தன் உடம்பில் தெரிந்துகொள்கிறார்.

அட்ஜஸ்ட் செய்வது என்பது சுமையைப் பார்த்துச் சுமக்கிறது தன்னைத் திருத்திக்கொள்வது. நம் வழக்கில் அது சுமையிடமே சொல்லப்படும் உத்தரவாக ஆகிவிட்டது. சொல்லைத் திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டுபோவது மொழியில் மட்டும் முடிகிற காரியமல்ல. கைப்பிடி யார் கையில் இருக்கிறதோ அவர் வண்டியை நிறுத்தி, இறங்கி, குனிந்து அந்த வளையத்தைத் திருகவேண்டும். எத்தனையாவது படியில் நிறுத்துவது என்பதைப் பின்னால் உட்காருகிறவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.